கபடித் திடல் நாட்குறிப்பு: பயிற்சியாளரும் நடுவரும்

6 ஜூலை 2024, சனிக்கிழமை

மாவட்டப் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர், எங்கள் பள்ளி மாணவர்களின் பயிற்சி ஆட்டங்களுக்கு விசில் ஊத இசைந்து இன்று மாலை திடலுக்கு வந்தார். பயிற்சியாளரே விசிலையும் வைத்துக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் பையனின் வேகத்தில் மகிழ்ந்துபோகும் கண்ணுக்கு அவனுடைய பாதம் தெரிவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடிப்போய், எதிரணிக் களத்துக்குள் இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டி முன்காலை ஊன்றினான். பின்காலின் பெருவிரல் தரையை விட்டு எழவில்லை, நடுவரும் புள்ளி தரவில்லை. எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருக்கவேண்டும் என்பதும், பின்கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ் என்பதும் அங்கேயே அவனுக்கு விளக்கப்பட்டன. இருட்டும்வரை அவன் முழங்காலை உயர்த்தி எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

13 ஜூலை, சனிக்கிழமை

வட்டாரத்துப் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஒன்றாக அமர்ந்து, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி ஆட்டத்தைக் காணொளியில் பார்த்தோம். 2023 அக்டோபர் 7 அன்று இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடமே மிஞ்சியிருந்த நிலையில், இந்தியாவின் பவன் செராவத் பாடிப்போனார். யாரையும் தொடாமலே லாபியில், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டையில், கால் வைத்துவிட்டார், அவரைப் பிடிக்க முனைந்த ஈரான் வீரர்களும் லாபிக்குள் இறங்கிவிட்டார்கள். தொடுதல் நிகழும்வரை லாபி ஆடுகளத்தில் சேராது. பழைய விதிப்படி பின்தொடர்ந்து இறங்கியவர்களும் அவுட். புரோ கபடி லீக்கின் விதிப்படி ரைடர், அதாவது பாடிப்போனவர், மட்டுமே அவுட். எதைக் கொள்வது என்ற வாதத்தில் முடிவுகள் மாறி மாறி வந்தன, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள், ஆட்டம் ஒரு மணி நேரம் அளவுக்கு நின்றுபோனது. இந்தியா 33-29 என வென்றது என்பதில் மகிழ்ச்சிதான். என்றாலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த இரு அணிகளின் தங்கப் பதக்கம் ஒரு விதியின் இரு வடிவங்களுக்கு இடையே ஊசலாடியது எனக்கு இன்னமும் வேதனை தருகிறது.

எந்த விதிப்படி ஆடப்போகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர்களும் நடுவர்களும் கூடிப் பேசி முடிவுசெய்வது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

17 ஜூலை, புதன்கிழமை

மழை. திடல் சேறாகிவிட்டதால் வராந்தாவில் விதிகளைப் படித்தோம். எதிரணிக் களத்தைத் தொடுமுன் ‘கபடி கபடி’ என்ற பாட்டைத் தொடங்காவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் ரைடு வாய்ப்பும் போகும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

27 ஜூலை, சனிக்கிழமை

குறுவட்டப் போட்டி. அரையிறுதியில் நடுவராக நின்றவர் அண்மையில்தான் தேர்வெழுதித் தேறிய இளம் உடற்கல்வி ஆசிரியை. தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றிப் போனபின், மூன்றாவதிலும் வெறுங்கையோடு திரும்பிய எங்கள் மாணவனை அவர் தயங்காமல் அவுட் என்றார். வேடிக்கை பார்த்தவர்கள் கூச்சலிட்டார்கள். நான் எழுந்துபோய், தீர்ப்பு சரி என்று அவர்களிடம் சொல்லி அமர்த்தினேன். பயிற்சியாளர் நடுவரோடு நிற்பதைக் கண்டால் பையன்களும் வாதாடுவதை விட்டு அடுத்த பிடிக்குத் தயாராகிவிடுகிறார்கள். அதே ஆட்டத்தில் இரண்டு போனஸ் புள்ளிகள், பின்காலை உயர்த்தப் பழகிய அந்த மாணவனால் வந்தன.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஆசிரியையும் எதிரணிப் பயிற்சியாளரும் நானும் குறிப்பேட்டோடு அமர்ந்து, ஐயம் எழுந்த ஒவ்வொரு தீர்ப்பையும் பேசினோம். நடுவருக்கு இப்படியொரு வாய்ப்பை யாரும் தருவதில்லை. தவறினால் வசவு, சரியாகச் சொன்னால் மௌனம் என்பதே அவர்கள் காண்பது. அவர்களுக்குப் பயணப்படியும் மதியச் சாப்பாடும் கொடுப்பதைக்கூடச் செலவுக் கணக்கில் கடைசியாகத்தான் எழுதுகிறோம். அடுத்த மாதப் போட்டிக்கான வரவு செலவில் அதை முதல் வரியாகச் சேர்க்கும்படி அமைப்பாளர்களுக்கு இன்றிரவே கடிதம் எழுதுகிறேன். அந்த ஆசிரியை வாரம் ஒரு மாலை எங்கள் திடலில் விசில் ஊத ஒப்புக்கொண்டிருக்கிறார்.