சோடியம் குறைந்தபோது தண்ணீரே தடைப்பட்டது

என் தந்தை இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர். சிறுநீரகக் கல் மீண்டும் வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், தாகம் இல்லாத வேளையிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவந்தார். தலைவலியும் குமட்டலும் வந்தபோது, உடலில் நீர் வற்றிவிட்டதாக எண்ணி இன்னும் அதிகமாகக் குடித்தார். பேச்சு குழறி, என்னையே யாரென்று கேட்கத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு விரைந்தோம். பக்கவாதமோ என்று ஐயுற்றுத் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் கோளாறு ஏதும் இல்லை. இரத்தப் பரிசோதனையில்தான், 135 முதல் 145 அலகுகள் (லிட்டருக்கு மில்லிமோல்) வரை இருக்க வேண்டிய சோடியம் 116 ஆகக் குறைந்திருப்பது தெரிந்தது.

நலமான சிறுநீரகங்களால்கூட ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத்தான் வெளியேற்ற முடியும். முதுமையும் அவர் சாப்பிட்ட வகை மாத்திரையும் அந்தத் திறனை மேலும் குறைத்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். வெளியேறாத நீர் இரத்தத்திலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்து, செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. மண்டை ஓட்டுக்குள் விரிய இடமில்லாததால் மூளைதான் முதலில் திணறுகிறது. முற்றினால் வலிப்பும் சுயநினைவிழப்பும் வரும், உயிரே போகலாம்.

உப்பு நீரை ஏற்றினால் உடனே சரியாகிவிடும் என்று நம்பியிருந்த எங்களுக்கு, அதற்குப் பிந்தைய நாட்கள் கடினமாக இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிதளவே ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த சோடியத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும் நிலையில் அளவை வேகமாக உயர்த்தினால், நரம்பிழைகளின் மேலுறை சிதைந்து கைகால் செயலிழக்கக்கூடும் என்பதால், 24 மணி நேரத்தில் 8 அலகுகளுக்கு மேல் ஏறாமல் காத்தார்கள். அந்த நிதானத்தை அலட்சியம் என்று நினைத்துச் செவிலியரிடம் சண்டைக்குப் போகும் உறவினர்களை அங்கே பார்த்தேன். அவர்களிடம் இதை யாரேனும் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீருக்கும் கட்டுப்பாடு இருந்தது. உதடு வெடித்து அப்பா கெஞ்சியபோது, ஈரத் துணியால் வாயைத் துடைத்துவிட மட்டுமே அனுமதித்தார்கள். குடித்ததையும் கழித்த சிறுநீரையும் மில்லிலிட்டர் கணக்கில் குறித்துவைத்தார்கள். சோடியம் 130 ஐத் தாண்டியபோது அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை மாற்றி, ஒரு வாரத்தில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். கல்லுக்கு மருத்துவம் பார்த்தவரிடமும் அந்த அறிக்கைகளைக் காட்டினோம். இரு மருத்துவர்களும் கலந்து பேசி, அப்பா நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை எழுதிக் கொடுத்தார்கள்.