தீபாவளி விருந்துக்குச் சீஸ் பொதிந்த பிய்த்துண்ணும் ரொட்டி

தீபாவளியன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு விருந்தினர் ஒரே நேரத்தில் வருவதில்லை. காலையில் கோயிலிலிருந்து நேராக வரும் உறவினர், நண்பகலில் பழைய தோட்டத்து அயலார், மாலையில் நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் அடுத்த வீட்டு மலாய் அம்மாவின் குடும்பம் என்று இரவு வரை ஆள் வரவு ஓயாது. சூடாக இருந்தால் மட்டுமே சிறக்கும் பண்டம் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒத்துவராது என்று பலர் தயங்குவது இதனால்தான். பிய்த்துண்ணும் ரொட்டிக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. முதல் நாள் இரவே உருட்டி அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வாசலில் செருப்புகள் கூடக்கூட ஒவ்வொரு தட்டாக ஓவனில் ஏற்றலாம்.

ரொட்டி மாவு 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சீனி 40 கிராம், உப்பு 8 கிராம், பால் 320 மில்லி, வெண்ணெய் 60 கிராம் என்பது என் அளவு. சைவ விருந்தினரை எண்ணி முட்டை சேர்ப்பதில்லை. குளிர்நாட்டுக் குறிப்புகள் வெதுவெதுப்பான பாலைக் கேட்கும். 31 பாகை வெப்பத்தில் வேகும் நம் சமையலறைக்குக் குளிர்ந்த பாலே ஏற்றது. பிசையும்போதே மாவு சூடேறும் என்பதால், வெதுவெதுப்பான பால் ஊற்றினால் அது அவசரமாக உப்பிப் புளிப்பு வாடை அடிக்கும். மாவு உப்ப ஒன்றரை மணி நேரம் என்று குறிப்பில் எழுதியிருந்தால் முக்கால் மணியிலேயே பார்த்துவிடுங்கள்.

சீஸில்தான் முழுக் கவனமும் வேண்டும். உப்புநீரில் மிதக்கும் புதிய மோஸரெல்லாவில் பாதிக்கு மேல் நீர். அது வேகும்போது கசிந்து ரொட்டியின் அடியை நனைத்துவிடும். ஈரம் குறைந்த கட்டி மோஸரெல்லாவைச் சிறு சதுரங்களாக வெட்டி, மணத்துக்குக் கொஞ்சம் செடார் சேருங்கள். உறையில் ஹலால் முத்திரையோடு, பாலைத் திரையவைக்கும் ரென்னெட் விலங்கினுடையது அன்று என்ற குறிப்பும் உள்ளதா எனப் பாருங்கள். மக்சிக்கும் சைவப் பெரியம்மாவும் ஒரே தட்டிலிருந்து மனக்குறையின்றி எடுப்பது எனக்கு மிக முக்கியம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை ஈரம் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டுச் சீஸோடு வைக்கலாம்.

மாவை 24 உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் நடுப்பகுதி தடித்தும் ஓரம் மெலிந்தும் இருக்குமாறு தட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் எண்ணெய்ப் பசை பட்டால் மாவு ஒட்டாது. அந்த இடுக்கு வழியாகத்தான் சீஸ் வெளியே ஓடும். எனவே குளிர்ந்த சீஸை நடுவில் மட்டும் வைத்து, ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே வருமாறு இரண்டு 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டுகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்குங்கள். உப்பும்போது ஒன்றையொன்று தொட, விரல் இடைவெளி போதும்.

சுடுவதற்கு அரை மணிக்கு முன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, மேலே பால் பூசி, 180 பாகையில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். இறக்கியவுடன் பூண்டு வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பரிமாறினால் சீஸ் வாயைச் சுடாமலும் இழுபடும் பதம் குன்றாமலும் இருக்கும். மிஞ்சியதை மறுநாள் அலுமினியத் தாளால் மூடி, 160 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி தோல்போல் இறுகிவிடும்.