வெள்ளச்சிக்கு உப்பில்லாமல் ஒரு கிண்ணம்

2024 ஆடிப்பெருக்கன்று காப்பரிசிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். எங்கள் பூனை வெள்ளச்சி கிணற்றடித் தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெல்லம் தட்டி, தேங்காய் கீறி, ஊறிய அரிசியை வடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்போதும் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை கைவிட்டுப் போன ஊரில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. பூனை தண்ணீர் குடிப்பதை யார் கணக்கெடுப்பார்கள்? வெயில் என்றார் கணவர். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அதை விட்டிருக்கக் கூடாது. பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி. அது தொட்டியைத் தேடிப் போய் நெடுநேரம் குடித்தால், வாசல் மண்ணில் அது சிறுநீர் கழித்த ஈரம் அதிகமாகத் தெரிந்தால், தூக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனை வளர்க்கிறவர்களுக்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வெள்ளச்சி எங்களிடம் வந்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, மன்னார்குடியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் ஒன்பது சாய்ந்தது. மூன்றாம் நாள், விழுந்து கிடந்த மட்டைகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் சாம்பல் நிறம். அப்போதே வளர்ந்த பூனை. எந்த வீட்டுப் பூனை என்று யாருக்கும் தெரியவில்லை. மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் வீட்டில் காலையும் இரவும் கஞ்சி, விழுந்த காய்களில் அரைத்த தேங்காய்த் துவையல். அதையே அவளுக்கும் போட்டோம். பூனையே ஆகாது என்று இருந்த என் மாமியார், முதல் வாரத்திலேயே தன் கஞ்சியில் பாதியை வடித்துக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தார்கள். பெயர் வைத்ததும் அத்தைதான்.

பிறகு ஆற்றில் தண்ணீரும் சந்தையில் மீனும் வந்த நாட்களில் அவளுடைய பசியை நாங்கள் அறிந்தோம். மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுக்கும்போது அசைய மாட்டாள். கெண்டையைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்க்கும்போதும் அசைய மாட்டாள். அரிவாள்மனையைத் தரையில் போடும் சத்தம் கேட்டால் மட்டும் மாடிப்படியிலிருந்து ஓடி வருவாள். மாங்காய் போட்ட விரால் குழம்பு மண்சட்டியில் கொதிக்கத் தொடங்கும்போது, அவள் மீன்தலையைத் தின்று முடித்து முகம் கழுவிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு நினைவு வருவது இதுதான்.

ஆகஸ்டு கடைசியில், பக்கத்தில் இருந்த ஒரு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரத்தம் எடுக்கவில்லை, குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் அதிலேயே போனது. சோர்ந்து படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு அக்கா, "காய்ச்சலாக இருக்கும், பாராசிட்டமால் பாதி கரைத்து ஊற்று" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். நல்லவேளையாக நான் ஊற்றவில்லை. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரே மாத்திரையில்கூட உயிர் போய்விடும் என்று பிறகு மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றில் பழைய புடவையை மடித்து அவளை வைத்து, இன்னொரு கூடையைக் கவிழ்த்து நான்கு பக்கமும் கயிற்றால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மேலே ஒரு துண்டு போட்டு மூடினால் பூனை கத்துவது பெரும்பாலும் நின்றுவிடும். வரிசையில் எனக்கு முன்னால் மடி வீங்கிய பசு ஒன்று, கால் உடைந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று. அந்தக் குட்டியைத் தோளில் போட்டிருந்த பெரியவர், கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "வயதானதா அம்மா?" என்று கேட்டு, தனக்கு முன்னால் என்னைப் போகச் சொன்னார்.

பல்லைப் பார்த்து, பத்து வயதுக்கு மேல் இருக்கும் என்றார்கள். எடை 2.9 கிலோ; நன்றாக இருந்த காலத்தில் நான்கு கிலோ இருந்தவள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 4.1. பூனைக்கு 1.6-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கெட்ட பிறகுதான் வெளியே எதுவும் தெரியத் தொடங்குமாம். கெட்டது திரும்பி வளராது. அந்த இளம் மருத்துவர் இதை மறைக்காமல், அவசரப்படாமல் சொன்னார். "குணப்படுத்த முடியாது. ஆனால் நன்றாக வைத்துக்கொள்ள முடியும், சில மாதங்கள். அதற்கு நீங்கள் ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். கற்றுக்கொண்டேன்.

ஊரில் பாட்டிலில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் குளுக்கோஸ் என்றுதான் பெயர். இது ரிங்கர் லாக்டேட், உடம்பில் நீர் வற்றாமலிருக்க ஏற்றும் திரவம். ஒன்றுவிட்டு ஒரு நாள் 100 மில்லி. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். கூடத்தில் என் பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது, அதில் மாட்டினேன். இரண்டு தோள்களுக்கும் நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியை நுழைத்து, குழாயின் உருளையைத் திறந்துவிட்டால் ஏழெட்டு நிமிடத்தில் இறங்கிவிடும். முதுகில் எலுமிச்சை அளவுக்கு மேடு எழும்பும், சிலசமயம் முன்னங்கால் பக்கம் சரியும். சில மணி நேரத்தில் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். முதல் நாள் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து என் மடி நனைந்தது. நான்காவது முறைக்குப் பிறகு அத்தை அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க, நான் ஒருத்தியே போட்டுவிடுவேன். அவள் ஓடவில்லை. ஏற்றிய மறுநாள் கண்ணில் வெளிச்சம் தெரியும், வாலை உயர்த்திக்கொண்டு அடுப்படிக்கு வருவாள்.

ஊசியைவிடக் கடினமாக இருந்தது சாப்பாடுதான். பாஸ்பரஸ் குறைவாக வேண்டும் என்றார்கள், உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகவே ஆகாது, அதனால் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போட்ட மீனும் கூடாது. அத்தனை வருடம் அதைத்தான் போட்டிருந்தோம். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவை வரவழைத்து வைத்தோம், முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள். மருத்துவரிடம் கேட்டதற்கு, "எதைச் சாப்பிடுவாளோ அதைக் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலும் கெடும்" என்றார். ஆகவே அவளுக்கென்று தனிச் சமையல் தொடங்கியது. முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் எடுத்து வேகவைத்து மசித்தது. அதன்மேல் உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய விரால் கொஞ்சம், வெந்த தண்ணீரோடு. எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பூனை மூக்கால்தான் பசியை அறிகிறது. ஆறிப்போனால் வாசனை எழாது, தொட மாட்டாள்.

இதற்கு நடுவே புரட்டாசி வந்தது. அத்தை அந்த மாதம் முழுக்கக் கவிச்சி சேர்க்க மாட்டார்கள், வீட்டில் யாரும் சமைக்கவும் கூடாது. செப்டம்பர் 17 காலையில் நான் எதுவும் பேசாமல் முட்டையை மட்டும் எடுத்தேன். கொல்லைப்பக்கம் புகை தெரிந்தது. மூன்று செங்கல்லை வைத்து, தென்னம்பாளையை எரித்து, ஈயப் பாத்திரத்தில் அத்தை மீன் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். "அவளுக்கு ஏது புரட்டாசி? முள்ளை நீ எடுத்துவிடு, எனக்குக் கண் தெரியவில்லை" என்றார்கள். அந்த மாதம் முழுக்கத் தினமும் மீன் வேகவைத்துவிட்டு, குளித்துவிட்டு, பெருமாளுக்கு விளக்கேற்றினார்கள். எழுபத்து மூன்று வயது. எத்தனை குளியல்!

அந்த மூன்று மாதத்தைத் துக்கமான காலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்காக மீன் நறுக்கியதில் எங்களுக்கும் நல்ல சாப்பாடு கிடைத்தது. ஐப்பசி மழையில் வாய்க்காலில் பிள்ளைகள் பிடித்த பொடிக்கெண்டையைப் புளிக்கரைசலில் வற்றவைத்துப் பழைய சோற்றோடு தின்றோம். காலை வெயிலில் அவள் நெல் குதிரின்மேல் படுத்திருக்க, கீழே உட்கார்ந்து டிகிரி காப்பி குடித்தபடி, அவள் எத்தனை வாய் தின்றாள் என்று அத்தையும் நானும் கணக்குப் பேசுவோம். அதை ஒரு நாட்காட்டியிலும் எழுதினேன்: முழுக் கிண்ணம், அரைக் கிண்ணம், நக்கினாள், தொடவில்லை. இப்படி எழுதி வைக்கும்படி எல்லோரிடமும் சொல்வேன். "நேற்றைக்கு இன்று பரவாயில்லை" என்று மனம் சொல்லிக்கொண்டேயிருக்கும். தாளில் பார்த்தால்தான் தெரியும்.

நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயலாகப் பெயர் பெறுவதற்கு முன்பே கொட்டிய மழையில், சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போனது. கணவர் வயலே கதி என்று இருந்தார். நாட்காட்டியில் அரைக் கிண்ணங்கள் தொடர்ந்தன. வாயில் புண், மூச்சில் அமோனியா வாடை. டிசம்பர் முதல் வாரம் எடுத்த இரத்தத்தில் கிரியாட்டினின் 7.8, எடை 2.2. "எப்போது என்பதை அவளே காட்டுவாள். காட்டியதும் தாமதிக்காதீர்கள்" என்றார் மருத்துவர்.

டிசம்பர் 11, புதன்கிழமை. விரால் வாங்கினேன். அரிவாள்மனையைப் போட்டேன், நறுக்கி முடித்தேன். அவள் வரவில்லை. நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒடுங்கியிருந்தாள். வெந்த தண்ணீரை விரலில் தொட்டு வாயருகே வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம். "தீபத்தன்று வேண்டாம்மா" என்றார்கள் அத்தை. எனக்கும் அன்று மனம் வரவில்லை. சனிக்கிழமைக்குத் தள்ளினோம். அந்த இரண்டு நாளும் எங்களுக்காகத் தள்ளியவை, அவளுக்காக அல்ல. அந்த இரண்டு இரவுகள் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இந்த முழுக் கதையில் மாற்ற முடியுமானால், நான் மாற்ற நினைப்பது அதை ஒன்றைத்தான்.

பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வர ஒப்புக்கொண்டார். ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொன்னார்: முதலில் தூக்க ஊசி, அவள் நன்றாக உறங்கிய பிறகு மயக்க மருந்தை மிகுதியாக நரம்பில், கண் மூடாது, நின்ற பிறகும் ஒருமுறை மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், அது வலி அல்ல. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் திறந்திருந்த அந்தக் கண்களைக் கண்டு நான் உடைந்திருப்பேன். என் மடியில்தான் இருந்தாள். பத்து நிமிடத்தில் உடம்பு தளர்ந்தது, பல நாளாகக் குறுகியே படுத்தவள் கால்களை நீட்டினாள். இரண்டாவது ஊசிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவர் செவிக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அத்தை அவள் வாயோரம் நான்கைந்து அரிசியை வைத்தார்கள். வாய்க்கரிசி. யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொல்லையில் குழி வெட்டினால் இரண்டடியிலேயே தண்ணீர் ஊறி நின்றது. கார்த்திகையில் எங்கள் பக்கத்து மண் அப்படித்தான். கிணற்றுப் பக்கமும் கூடாது. கணவர் களத்துமேட்டுக்குப் போய், கஜாவில் சாய்ந்த தென்னையின் தூர் இருந்த மேட்டில் மூன்றரையடி வெட்டினார். அங்கே மண் காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம் என்று மாமாவின் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தோம். நாய் தோண்டாமலிருக்க மேலே கருங்கல் மூன்று, பக்கத்தில் ஒரு பவளமல்லிக் கன்று.

பிரிக்காத ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள் ஐந்து இருந்தன. ஒரத்தநாட்டுக்கு எடுத்துப் போனேன். வரிசையில் ஒரு பையன் கூடையில் பூனையோடு நின்றான். மருத்துவர் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுக்கச் சொன்னார்.

மார்கழி முழுக்க வீட்டுக்கு மீன் வரவில்லை. மார்கழி என்றார்கள் அத்தை. முந்தைய மார்கழிகளில் வாங்கியிருக்கிறோம். நான் எதுவும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து, தப்பிய சம்பாவை அறுத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, மீன்காரம்மாவை அத்தையே கூப்பிட்டு ஒரு கிலோ கெண்டை வாங்கினார்கள். நான் அரிவாள்மனையைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தேன். தலையை நறுக்கியதும் கை தானாக அதை ஓரத்துக் கிண்ணத்தில் போட்டது. அத்தை பார்த்தார்கள். "அதையும் சட்டியில் போடு" என்றார்கள். மாங்காய்க் காலம் இல்லை, கத்தரிக்காய் போட்டோம். குழம்பு நன்றாகக் கூடிவந்தது. அத்தை இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, தலையைத் தன் தட்டில் எடுத்து வைத்து, நிதானமாகத் தின்றார்கள்.