நோயாளிக்கு பேட்ஜ் கிடையாது

கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அறையில், வேலை பார்க்கும் எங்கள் எல்லோருக்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி பேட்ஜ் ஆளுக்கொன்று உண்டு. கதிரைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்பினால் யார் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறார் என்று கணக்கு வந்துவிடும். உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு மில்லிசீவர்ட்; ஓர் ஆண்டில் 30, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100. இதற்கு மேல் போகக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு. இதெல்லாம் டேபிளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. டேபிளில் படுத்திருப்பவருக்கு பேட்ஜும் இல்லை, வரம்பும் இல்லை. வரம்பு இல்லாததில் நியாயம் உண்டு. எப்போது வெடிக்குமோ என்றிருக்கும் மகாதமனியை, உடம்பின் பெரிய ரத்தக்குழாயை, பாதி வேலையில் விட்டுவிட்டு, "அளவு தாண்டிவிட்டது" என்று எழுந்துபோக முடியாது. வரம்பு இல்லையென்றால் கணக்கும் வேண்டாம் என்றாகிவிட்டதே, அதுதான் எனக்கு உறுத்தல்.

வயிற்று மகாதமனியின் சாதாரண அகலம் சுமார் 2 செ.மீ. ஆண்களுக்கு அது வீங்கி 5.5 செ.மீ ஆனால் சரிசெய்யச் சொல்வார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்தாக வேண்டும். 1990-ல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வீங்கிய இடத்துக்குள் உட்காரும் செயற்கைக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்ட்டை, தொடைத் தமனி வழியாக ஏற்றிக் காட்டினார். இன்று எழுபது தாண்டியவர்கள்கூட சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் டாக்டர் உள்ளே எதையும் நேராகப் பார்ப்பதில்லை. காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால்தான் படம் வரும். மிதிக்கிற நேரமெல்லாம் கதிர்.

பெரும்பாலும் நேரத்தைத் தின்பது 'கேட்'. கிராஃப்ட்டின் பெரிய உடல் ஒரு தொடை வழியாக ஏறி உட்கார்ந்துவிடும். அதன் குட்டைக் காலின் வாய்க்குள் மறு தொடையிலிருந்து ஒயரை நுழைக்க வேண்டும். துடித்துக்கொண்டிருக்கும் குழாய்க்குள், தட்டையான படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. சில நாள் ஒரே தள்ளில் போய்விடும். சில நாள் ஒயரை வழிநடத்தும் மெல்லிய குழாயான கதீட்டரை மாற்றி, கோணத்தை மாற்றி, மறுபடி மாற்றி... அறையில் யாரும் பேசமாட்டார்கள். ஃப்ளூரோ, அதாவது பெடலை மிதிக்கும்போது ஓடும் நேரடி எக்ஸ்ரே படம், ஐந்து நிமிடம் ஓடினால் மெஷின் கீச்சென்று கத்தும். ஒரு கை நீண்டு ரீசெட்டை அழுத்தும். எச்சரிக்கை செய்ய வைத்த மணி, வாயை அடைக்க வேண்டிய மணியாகிவிட்டது.

கேஸ் முடிந்ததும் "ஃப்ளூரோ எவ்வளவு?" என்று கேட்பார்கள். நிமிடம் சொல்வேன், எழுதிக்கொள்வார்கள். நிமிடம் மட்டும் தெரிந்து என்ன பயன்? ஒல்லியான ஆளுக்கு அரை மணி நேரம் ஓடியதும், நூறு கிலோ ஆளுக்குச் சாய்ந்த கோணத்தில் அரை மணி நேரம் ஓடியதும் ஒன்றல்ல. உடம்பு தடிமனாக இருந்தால், படம் தெளிவாக வரவேண்டும் என்று மெஷின் தானாகவே கதிரைக் கூட்டிக்கொள்ளும். ரத்தக்குழாய் தெரிய டை செலுத்தி எடுக்கும் தொடர் படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஃப்ளூரோவைவிடப் பல மடங்கு போகும். அது ஃப்ளூரோ நிமிடத்தில் சேர்வதே இல்லை. உண்மையைச் சொல்வது திரை ஓரத்தில் மில்லிகிரே என்ற கதிர் அலகில் ஓடும் இன்னொரு எண். அதுவும் தோலின் அளவைத் துல்லியமாகச் சொல்லாது, கோணம் மாறினால் கதிர் விழும் இடமும் மாறும். ஆனாலும் நிமிடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அந்த எண்ணைக் குறைக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். வினாடிக்கு 15 படத்தை 7.5 ஆக்கினால் ஏறக்குறைய பாதி மிச்சம், ஒயர் தெரியத்தான் செய்யும். தேவையில்லாத ஓரங்களைக் கதிர் படாமல் காலிமேட்டர் தகடுகளால் மூடலாம். ஜூமைக் குறைக்கலாம். படம் பிடிக்கும் டிடெக்டரை வயிற்றை ஒட்டி இறக்கலாம். டேபிள் உயரம்தான் தர்மசங்கடம். கதிர் வரும் டியூப் டேபிளுக்கு அடியில் இருக்கிறது. டேபிள் இறங்க இறங்க நோயாளியின் முதுகு அதை நெருங்கும், தோலில் விழும் கதிரும் கூடும். ஆனால் டேபிள் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வது டாக்டரின் உயரம். குள்ளமான சர்ஜனிடம் "சார், கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று கேட்க ஒரு பக்குவம் வேண்டும். இப்போது அவர் ஏறி நிற்க ஒரு மரப்படி வாங்கிப் போட்டாகிவிட்டது.

2 கிரே, அதாவது 2000 மில்லிகிரே, தாண்டினால் தோல் சிவக்க வாய்ப்புண்டு. 5 கிரே தாண்டினால் நோயாளியிடம் சொல்லி, பின்னால் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. சாதாரண கேஸ் அதுவரை போவதில்லை. சிறுநீரகத் தமனிகளுக்குத் துளை வைத்த கிராஃப்ட் என்றால் போகலாம். சிக்கல் என்னவென்றால், சிவப்பு அன்றைக்கே நிலைத்து நிற்காது. இரண்டு மூன்று வாரம் கழித்து முதுகில் வரும். அதற்குள் அவர் சென்ட்ரலில் ரயிலேறி நெல்லூர் போயிருப்பார். மே மாதமென்றால் வேர்க்குரு என்பார்கள். அங்கிருக்கும் தோல் டாக்டரும் படை என்று களிம்பு எழுதுவார்; முதுகுக்கும் தொடையில் போட்ட துளைக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கு யார் சொன்னது? சந்தேகத்தில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால் அந்தப் புண் ஆறாமலே போகலாம்.

உறவினர்களிடம் "ரேடியேஷன்" என்று ஆரம்பித்தாலே முகம் மாறும். "கேன்சருக்கு வைக்கிற கரண்டா சார்?" என்பார்கள். அதனால் நான் அந்தப் பேச்சுக்கே போவதில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு அப்பா முதுகைப் பாருங்கம்மா. சதுரமா சிவந்திருந்தா எதுவும் தடவாம எங்களுக்கு போன் பண்ணுங்க." இது எல்லோருக்கும் புரிகிறது.

இத்தோடு முடிவதும் இல்லை. கிராஃப்ட்டைச் சுற்றி ரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஒரு மாதத்தில் சி.டி, ஒரு வருடத்தில் சி.டி, அப்புறமும் தொடரும். வீக்கம் சுருங்கி, கசிவு இல்லாமல் இருப்பவர்களுக்கு கதிர் இல்லாத டாப்ளர் ஸ்கேனே போதும் என்று எங்கள் சீனியர் இப்போது எழுதுகிறார். நல்ல விஷயம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மில்லிகிரே எண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லி நச்சரித்து, ஒருவழியாக இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், "அண்ணா, யூனிட் போடணுமா, நம்பர் மட்டும் போதுமா?" என்றார். "போடுங்க டாக்டர். வெறும் 4200-ன்னு இருந்தா பில் பாக்கின்னு நினைச்சுக்குவாங்க" என்றேன்.