கனிமச் செய்முறைத் தேர்வும் ஆர்தர் ரசலின் சீட்டும்

பி.எஸ்சி. நிலவியல் செய்முறைத் தேர்வில் ஸ்பெசிமனின் பெயரைச் சரியாக எழுதியும் மதிப்பெண் போவது உண்டு. பண்புகளைச் சோதிக்காமல் பார்த்த நினைவிலேயே எழுதுவதும், கிடைக்குமிடத்தை விட்டுவிடுவதும்தான் காரணம்.

முதலில் கீற்றுவண்ணம், அதாவது கனிமத்தைத் தட்டில் தேய்த்தால் விழும் தூளின் நிறம். வெள்ளிபோல் மின்னும் ஹேமடைட்டைக் கண்ணால் பார்த்து மேக்னடைட் என்று எழுதுபவர்கள் அதிகம். மெருகில்லாத பீங்கான் தட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் ஹேமடைட் செம்பழுப்பாகவும் மேக்னடைட் கறுப்பாகவும் கோடிடும். துருவேறிய பக்கத்தைத் தேய்த்தால் பைரைட்கூட மஞ்சள்பழுப்பு காட்டும். புதிதாக உடைந்த முகத்தையே தேய்க்க வேண்டும். தட்டின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரையான மோஸ் அளவில், ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. சித்தம்பூண்டி குருந்தக்கல் (9) அதைவிடக் கடினம் என்பதால் தட்டையே சுரண்டும். அந்த வெள்ளைத் தூள் பீங்கானுடையது, கனிமத்துடையதல்ல.

கடினத்தன்மைக்கு நகம் 2.5, கத்தி 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் மேல் கத்தியை அழுத்தி இழுத்தால் சாம்பல் நிறக் கோடு தெரியும். கீறிவிட்டது என்று ஏமாறக் கூடாது. ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் அது கத்தியின் இரும்பு. நகத்தில் தட்டும் பள்ளம் இருந்தால்தான் கீறல்.

அமிலம் கடைசியில்தான். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும். கால்சைட் உடனே பொங்கும். டோலமைட் கட்டியாக இருக்கையில் பெரும்பாலும் சும்மா இருக்கும். கத்தியால் சுரண்டிய தூளில் மெதுவாக நுரைக்கும். சேலம் மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது. வெண்மையாக, பீங்கான்போல் உடையும் அதைப் பலர் சிலிக்கா என்று எழுதிவிடுகிறார்கள். கத்தி சிலிக்காவைக் கீறாது, மேக்னசைட்டைக் கீறும் என்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

கிடைக்குமிடம் எழுதும் பழக்கத்துக்கு ஒருவரை நினைவுகூரத் தோன்றுகிறது. பிரிட்டனின் சர் ஆர்தர் ரசல் (1878–1964) சிறு வயதிலேயே கனிமம் சேர்க்கத் தொடங்கி, வாழ்நாள் முழுக்கச் சுரங்கம் சுரங்கமாகச் சென்று சேர்த்தவர். அவர் சேகரிப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1938-இல் விவரிக்கப்பட்ட ரசலைட் என்ற கனிமம் அவர் பெயரைத் தாங்குகிறது. பொழுதுபோக்காகச் சேகரிப்பவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்திருக்கும் ரசல் சொசைட்டியும் (1972) அப்படியே. அவர் சேர்த்த கற்களுக்கு இன்றும் மதிப்பிருப்பது, எந்தச் சுரங்கத்தில் எடுத்தது என்ற குறிப்பை அவர் கவனமாக வைத்திருந்ததால். மூடிப்போன சுரங்கத்துக்கு வேறு சாட்சி ஏது?

உங்கள் ரெக்கார்டுக்கான கற்களையும் அப்படியே வையுங்கள். கல்லின் மூலையில் சிறு வெள்ளைப் பெயின்ட் பொட்டு, காய்ந்ததும் இந்திய மை எண், அதன்மேல் தெளிவான நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. சீட்டில் அதே எண், பெயர், ஊர், தாலுகா, உடன் இருந்த பாறை, எடுத்த நாள். சீட்டு தொலைந்தாலும் எண்ணை வைத்து நோட்டில் தேடலாம். எண்ணைக் கீற்றுவண்ணம் பார்க்கும் முகத்தில் மட்டும் எழுதாதீர்கள்.