தோட்டத்துக்கு நாய் வேண்டும், இட்டேரியில் வேண்டாம்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி என்கிற மண்பாதைதான் வழி. இந்தப் பக்கத்தில் அவரவர் காட்டுக்குள், அதாவது சொந்த நிலத்துக்குள், அவரவர் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு இருந்தால் அதுவே பெரிய துணை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு சிவகிரி அருகே தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ஒரு நாய் வைத்திருந்தவர்கள் மூன்று வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். இரவில் கொல்லைப்புறத்தில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு நாய் எதற்கென்று தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்கு முறையில் மாமா. அவரும் அத்தையும் மட்டும்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளியூரில். மகன் பயந்துபோய் ஒரு ஜோடி சிப்பிப்பாறை நாய்களை வாங்கிக் கொண்டுவந்து விட்டுப் போனான். ஏற்கெனவே இருந்த நாட்டு நாயோடு சேர்த்து மூன்று. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். எது ஓடினாலும் துரத்தும்; அது அதன் பிறவிக் குணம். அதை அடக்கிப் பழக்க வயதான இருவருக்கு உடம்பில் தெம்பு இல்லை. இரவில் அவிழ்த்து விடுவார்கள். விடிந்ததும் பிடித்துக் கட்ட ஆளில்லை. போடுகிற சோறும் அந்த உடம்புக்குப் போதாது. பசித்த நாய்கள் தார்ச்சாலை ஓரத்துக்குப் போகும். கறிக்கோழிக் கழிவை மூட்டை மூட்டையாக இரவோடு இரவாகக் கொட்டுகிற இடம் அங்கே இருக்கிறது. அங்கே ஏற்கெனவே கூடியிருக்கும் தெருநாய்களோடு இவையும் சேர்ந்துகொள்ளும். தனியாக இருக்கும்போது வாலை ஆட்டுகிற நாய் கூட்டத்தோடு சேர்ந்தால் வேறு பிராணி.

கொறங்காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது எங்கள் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பகலெல்லாம் ஆள் நிற்க வேண்டியதில்லை. எங்கள் தாத்தன் காலத்து வேலி அது. ஆடும் மாடும் வெளியே போகாமல் காக்கத்தான் அதை வைத்தார்கள். அடியில் தூர் வயதாகி இளைத்துப் போன இடங்களில் ஆடு நுழைய முடியாது, நாய் நுழைந்துவிடும்.

ஒரு விடியற்காலை அப்படித்தான் நுழைந்தன. பட்டியில் ஆடுகள் கத்துவது கேட்டு என் மாமியார்தான் முதலில் ஓடினார். அங்கே பார்த்ததை விவரமாக எழுத எனக்கு மனமில்லை. சிறுத்தை என்றால் பெரும்பாலும் ஒன்றைக் கழுத்தில் கடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாய்க்கூட்டம் தின்பதற்காகக் கடிப்பதில்லை. ஓடுகிற ஒவ்வொன்றையும் தொடையில், வயிற்றில், தொண்டையில் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். செத்தவை போக, குற்றுயிராகக் கிடந்தவை இருந்தன. தப்பித்த சினை ஆடுகளும் பிறகு குட்டி வீசின. குண்டடம் சந்தையில் பொறுக்கி எடுத்த மயிலம்பாடி இனப் பெட்டைகள் அவை. கணக்குப் பார்த்தால் ஓர் ஆண்டு வருமானம்.

விரட்டப் போன மாமியாருக்குக் கெண்டைக்காலில் கடி. மிளகாய்ப்பொடி கொண்டு வா என்று கேட்டார். பழைய வழக்கம். நான் அவரை மோட்டார்க் குழாயடியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டு, 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவினேன். இதைப் படிக்கிறவர்கள் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மிளகாய், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் காயத்தில் படக்கூடாது. வெறிநோய் வந்துவிட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. வருவதற்கு முன் தடுக்கத்தான் முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். அன்றைக்கு ஒன்று, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றி, தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காக்கிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அது பெரிய அரசு மருத்துவமனையில் கிடைத்தது. காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். விடாதீர்கள். கடிபட்டுப் பிழைத்த ஆடுகளுக்கும் கால்நடை மருத்துவர் தடுப்பூசி போட்டார். செத்த ஆடுகளைப் பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

மாமாவிடம் போனபோது அவர் சொன்னது, "என் நாய் கட்டுத்தறியை விட்டு நகராது அம்மிணி. அது தெருநாய்ங்க வேலை." பொய் சொல்லவில்லை அவர். அவர் எழுந்திருக்கும் நேரத்தில் நாய்கள் வாசலில் வந்து படுத்திருக்கும். நான் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் வீட்டு வெள்ளை நாயின் முகவாயெல்லாம் ரத்தம். அத்தை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாயை அனுப்பிவிட்டால் நாங்கள் ராத்திரி எப்படி இருப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிவிட எனக்கு உரிமையில்லை.

காவல் நிலையத்தில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று நானே தேடிப் படித்தேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி, தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் காக்கத் தவறுகிறவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆட்டுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் வழக்குத்தான். தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளுக்காக எங்கள் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடினார்கள். அதன் பிறகு 2025இல் அரசு இழப்பீடு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளும் தெருநாய்களைப் பற்றியவை. உரிமையாளர் இருந்தும் கேட்பாரில்லாமல் திரிகிற நாய்தான் இந்தப் பேச்சிலெல்லாம் விடுபட்டுப் போகிறது. கழுத்தில் பட்டை கட்டியிருக்கிறது என்பதற்காக அதன் பல் மழுங்கிவிடுவதில்லை.

வேறொரு யோசனையும் வந்தது. உறவுக்காரர்கள் சிலர், "கறியில் மருந்து வை, ஒரே ராத்திரியில் முடியும்" என்றார்கள். நான் கடுமையாக மறுத்தேன். விலங்குக்கு விஷம் வைப்பது அதே சட்டத்தின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கிற குற்றம். குற்றமே இல்லை என்றாலும் செய்ய மாட்டேன். மயிலும் கீரியும் காகமும் தின்னும், எங்கள் வீட்டு நாயும் தின்னும். பசியோடு அவிழ்த்து விட்டது மனிதர்கள். துடித்துச் சாவது நாயா?

என்னை உண்மையில் உலுக்கியது இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, நடுவே குறுகலான மண்பாதை. எங்கள் மகள் அதில் மிதிவண்டியில் போய்த்தான் பள்ளிப் பஸ் பிடிக்க வேண்டும். நாய் எதிரே வந்தால் ஒதுங்க இடமே கிடையாது. அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: மிதிக்காதே, இறங்கி நில், வண்டியை உனக்கும் நாய்க்கும் நடுவே வை, கண்ணைப் பார்க்காதே, கத்தாதே, மெதுவாகப் பின்னால் நகர். ஓடினால் தொலைந்தோம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவர்களும் முறுக்கிக்கொண்டு பறக்காமல் வேகத்தைக் குறைப்பதே நல்லது. ஆனால் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்குப் பாடம்? வழியை அச்சமில்லாமல் வைத்திருப்பது பெரியவர்கள் வேலை.

நான் மாமாவிடம் கேட்டது நாயை அனுப்பச் சொல்லி இல்லை. அவர் வீட்டைச் சுற்றி மட்டும் கம்பி வலை அடிக்கக் கேட்டேன். காடு முழுவதும் அடிக்கப் பல லட்சம் ஆகும்; வீட்டையும் களத்தையும் சுற்றி அடிக்க அவ்வளவு ஆகாது. இரவெல்லாம் நாய்கள் அதற்குள் அவிழ்ந்தே திரியலாம். திருடன் வருவதும் அந்த வாசலுக்குத்தானே? தொலைபேசியில் மகனிடம் நானே பேசினேன். ஆட்டுக் காசை அவன் உடனே அனுப்பினான், வேலிக்கு இழுத்தடித்தான். அத்தை பிடிவாதமாக நின்றதால் வேலை நடந்தது. வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆண் நாய்களுக்குக் கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்தாயிற்று. பெட்டை தேடி அலைவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் என்று அத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் கிளுவைப் பொத்தல்களில் வெள்வேல முள்ளை வைத்து அடைத்திருக்கிறோம். மழை விழுந்ததும் புதுக் கிளுவைப் போத்துகளை, வெட்டிய கிளைகளை, நடுவோம்.

கோழிக் கழிவு மட்டும் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அது இருக்கிற வரை கூட்டம் கலையாது. கொட்டுகிறவர்கள் மீது நடவடிக்கை, அந்த இடத்தில் ஒரு விளக்கு, ஒரு கேமரா, ஊராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்கிறவர்கள் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம். இவற்றைக் கேட்டு ஜனவரி 26 கிராம சபைக்கு மனு எழுதியிருக்கிறேன். ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நாய் மட்டும் வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.