தாண்டிக்குடி: பஸ்ஸில் போங்க, ஜீப்பில் ஏறாதீங்க

நேற்று ராத்திரிதான் மதுரை திரும்பினேன். ஜீப்காரர் மேல் இருக்கிற எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் அந்தப் பகுதியை நாகரிகமாகச் சுருக்கிவிடுவேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்போம்.

பொங்கல் முடிந்த வாரம். நண்பன் கொடைக்கானல் என்றான். இ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய், ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதித்துவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை. கையில் இருந்ததும் ரெண்டு பேருக்கும் சேர்த்து 4,000 ரூபாய்தான். அதே பழனி மலைத்தொடரில் கீழ்மலைப் பக்கம் தாண்டிக்குடி இருக்கிறதே, காபியும் மிளகும் விளைகிற ஊர், அங்கே போவோம் என்றேன். "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி வத்தலக்குண்டு, அங்கே ஒரு மணி நேரம் காத்துக் கிடந்து தாண்டிக்குடி பஸ். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியோடு நின்றுவிட்டது, கீழேயும் வராது, மேலேயும் போகாது. உரச் சாக்கு, கோழித் தீவன மூட்டை, யாரோ ஒருவரின் புது மிக்ஸி, எல்லாம் காலடியில். கண்டக்டர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி ஒரு பையையோ மருந்துச் சீட்டையோ கீழே கொடுத்தார், அதை வாங்கிக்கொள்ள மரத்துக்குப் பின்னாலிருந்து சரியாக ஒருவர் வந்தார். சித்தரேவு தாண்டியதும் தென்னை முடிந்து மலை ஏறுகிறது. தடியன்குடிசை பக்கம் வருவதற்குள் குளிர் அந்தப் பாதி ஜன்னல் வழியாக நேராகக் காதுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் ரோட்டின் ரெண்டு பக்கமும் சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. அந்த ரெண்டு மணி நேரத்துக்காகவே இன்னொரு தடவை போவேன்.

இனி ஜீப்காரர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிடித்துக்கொண்டார். கோயில், கற்திட்டை, வியூ பாயிண்ட் எல்லாம் காட்ட 1,500. பேசிப் பேசி 1,300 ஆக்கினேன், பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு. முதலில் பாலமுருகன் கோயில். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி, அதுவே தாண்டிக்குடி ஆயிற்று என்று ஊரில் சொல்கிறார்கள். கற்திட்டைகள் நிஜமாகவே அருமை. காபிச் செடிகளுக்கு நடுவே பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய பாறையைக் கூரையாக வைத்திருக்கிறார்கள், பெருங்கற்காலத்து ஈமச் சின்னம், மேலே யாரோ துவைத்த சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள். வியூ பாயிண்டில் பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. "பனிக்கு நான் என்ன தம்பி பண்றது?" என்றார். நியாயம்தான். ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரத்துக்கு வெயிட்டிங் என்று 200 கேட்டாரே, அது எந்த ஊர் நியாயம்? கொடுத்துத் தொலைத்தோம். மறுநாள் காலையில் அதே கோயிலுக்கு நடந்தே போனோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த நடையில்தான் ஊரே கண்ணில் பட்டது. ஒரு தோட்டத்து வாசலில் களம், களம் முழுக்கக் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சில சிவப்பு, சில திராட்சை மாதிரிக் கறுத்தது. பலகையால் கிளறிக்கொண்டிருந்த பாட்டி, நாங்கள் வேலியோரம் நிற்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். செடியிலிருந்து ஒரு பழம் பறித்து வாயில் போடச் சொன்னார். தோல் மெலிசு, உள்ளே வழவழவென்று கொஞ்சம் இனிப்பு, உடனே ரெண்டு கொட்டை, அவ்வளவுதான். காபி வாசனை துளிகூட இல்லை. பழுத்ததை மட்டும் ஆய வேண்டும், ஒரே செடிக்கு மூணு நாலு தடவை திரும்ப வர வேண்டும், பச்சை கலந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான் என்றார். நல்ல பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலை உரித்து, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட், விலை அதிகம். தோலோடு அப்படியே காயப் போட்டால் செர்ரி. களத்தில் கிடந்தது செர்ரி. காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு கை அள்ளி என் காதோரம் குலுக்கினார், சலசலவென்று கொலுசு மாதிரிச் சத்தம். களத்தின் மறுகோடியில் இருந்து இன்னொரு கை அள்ளினார், அது பேசவே இல்லை. "இதுக்கு இன்னும் நாலு நாள் வெயில் வேணும்பா."

காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இந்த ஊரில் இருக்கிறது, ஆனால் டீக்கடையில் காபி கேட்டால் பாலில் இன்ஸ்டன்ட் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிறார்கள். பாட்டியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். சிரித்துவிட்டு, வீட்டுக்கென்று வறுத்து இடித்து வைத்திருந்ததில் கருப்பட்டி போட்டு வரக்காப்பி கொடுத்தார். அடியில் தூள் தங்கிய, லேசாகக் கருகல் வாசனை அடிக்கிற காபி. ரெண்டு டம்ளர் குடித்தேன். காசு வாங்கவில்லை.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மதியம் நாலு பெஞ்சு போட்ட ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. சௌசௌ கூட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு, அந்த ஊர் மிளகைத் தட்டிப் போட்ட ரசம். ரசத்தில் மூக்கு ஒழுகி, நண்பன் மூணாவது தடவை சோறு கேட்டபோது அந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சட்டியையே நகர்த்தி வைத்தார்.

ரூம் 1,000 ரூபாய், வெந்நீர் வராது, போர்வை மட்டும் நல்லது.

திரும்பும் பஸ்ஸில் மூட்டைகளுக்குப் பதில் மலைவாழைத் தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் ரெண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். பழனி பஞ்சாமிர்தத்துக்கு இதுதான், இதில் தண்ணீர்ச் சத்து கம்மி, அதனால் சீக்கிரம் கெடாது என்றார். காபிக்கு நிழலுக்காகவும் இதை வைப்பார்களாம். இந்த வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த கதையை இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சரி, கணக்கு. ரெண்டு பேருக்கும் போக வர பஸ் 420, ரூம் 1,000, சாப்பாடு 700, தோட்டக்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய அரைக்கிலோ காபித்தூள் 300, ஜீப் 1,500. மிச்சம் 80. ஆரப்பாளையத்தில் இறங்கியதும் அதில் ஆளுக்கு ரெண்டு பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்கு நடந்தோம். அந்த வெயிட்டிங் 200 மட்டும் கையில் இருந்திருந்தால் ஆளுக்கொரு ஆம்லெட் சொல்லியிருக்கலாம்.